தள்ளுவண்டிக்காரருக்குப் பெயர் உண்டு, மருத்துவமனைக்குக் கிடையாது: எங்கள் ஊர்ப் பேப்பரோடு என் அனுபவம்

மாற்றலாகி எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும் நண்பர் ஒருவர், "ஊர்ச் செய்தி தெரியணும், எந்தப் பேப்பர் போடச் சொல்லலாம்?" என்று கேட்டார். வாயால் சொன்னால் திட்டிக்கொண்டே இருப்பேன் என்பதால் எழுதிவிடுகிறேன். பேப்பரின் பெயர் வேண்டாம். மாவட்டப் பதிப்பு போடும் தமிழ் நாளிதழ்களில் ஒன்று, பல வருடமாக வாங்குகிறேன். விலை, ஞாயிறு இணைப்பு, ராசிபலன் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எனக்கு எரிச்சல் ஒரே விஷயத்தில்தான். தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுபவரிடம் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனைக்குப் போனால் அவர் பெயர், வயது, தெரு, பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டும்போது அவர் பக்கத்தில் நிற்கும் படம் என்று எல்லாம் வரும். அதே துறை பெரிய ஓட்டலில் கெட்டுப்போன சிக்கனைப் பிடித்துப் பினாயில் ஊற்றி அழித்தால் அது "பிரபல அசைவ ஓட்டல்". பிரசவத்துக்குப் போன பெண் இறந்து, உறவினர்கள் ராத்திரி முழுக்க மறியல் செய்தால் "தனியார் மருத்துவமனை". எந்த மருத்துவமனை என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள், பேப்பருக்கு மட்டும் தெரியாது. ஆனால் இறந்த பெண்ணின் பெயர், கணவர் பெயர், கிராமம், எத்தனையாவது பிரசவம் என்பது வரை ஒன்று விடாமல் இருக்கும். சமீபத்தில் அப்படி ஒரு செய்தி உள்ளே ஒற்றைப் பத்தியில் வந்த அன்று, கடைசிப் பக்கம் முழுக்க அதே மருத்துவமனையின் ஆண்டு விழா விளம்பரம். அங்கே பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

சரி, நியாயமாகவே பேசுவோம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் பள்ளியின் பெயரைப் போடாமல் விடுகிறார்களே, அது சரிதான்; குழந்தையை அடையாளம் காட்டும் எதையும், பள்ளி உட்பட, வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவே சொல்கிறது. மற்ற செய்திகளில் அவதூறு வழக்குப் பயம் இருக்கலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பயம் ஏன் பஜ்ஜிக்காரரிடம் மட்டும் வருவதில்லை? அவரிடம் வக்கீல் இல்லை, தீபாவளி மலருக்கு விளம்பரமும் கொடுக்க மாட்டார். நிருபர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. தாலுகா அளவில் எழுதும் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்களே விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். எந்த மருத்துவமனை வாசலில் மறியல் செய்தி எடுக்கிறாரோ, அதே வாசலுக்கு அடுத்த வாரம் விளம்பரம் கேட்டுப் போக வேண்டியவர் என்ன எழுதுவார்?

புகார் சொல்ல பிரஸ் கவுன்சில் இருக்கிறது, 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குவது. முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும், பதில் சரியில்லை என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள் கவுன்சிலுக்குப் போக வேண்டும். அவர்கள் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம்; அபராதம் போட அதிகாரம் இல்லை. காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுவதைப் பற்றி அவர்களே 2010-இல் அறிக்கை தயாரித்தார்கள், அதன் முழு வடிவத்தை உடனே வெளியிடக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை. நான் ஆசிரியருக்கு எழுதியதோடு சரி. அது "வாசகர் கடிதம்" பகுதியில் வந்தது, மருத்துவமனை பற்றிய வரிகளை வெட்டிவிட்டு, பேப்பரின் எழுத்து பெரிதாக இருப்பதைப் பாராட்டிய பாதி மட்டும்!

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் அநியாயம். மாநகராட்சிக் கூட்டத்தை இவர்கள் எழுதுவது போல வேறு யாரும் எழுதுவதில்லை. எந்தத் தீர்மானம் விவாதம் இல்லாமலே நிறைவேறியது, யார் வெளிநடப்பு செய்துவிட்டுக் கேன்டீனில் உட்கார்ந்திருந்தார், எந்த டெண்டர் மூன்றாவது தடவையாகத் தள்ளிப்போனது, எல்லாம் இருக்கும். எங்கள் வார்டில் குடிநீரில் சாக்கடை கலக்கிறது என்று ஒருநாள் எழுதினார்கள். மறுநாள் அதிகாரிகள் மறுத்ததை அதே இடத்தில், அதே அளவில் போட்டார்கள். அதற்கு மறுநாள், எங்கள் தெருப் பெண்கள் குடத்தில் பிடித்து வைத்த கலங்கல் தண்ணீரின் படம். கடைசியில் குழாயை மாற்றினார்கள், "செய்தி எதிரொலி" என்று பேப்பர் கட்டம் கட்டிப் பீற்றிக்கொண்டது. பீற்றிக்கொள்ளட்டும், அந்தப் புதுக் குழாய்த் தண்ணீரைத்தான் இன்றைக்கும் குடிக்கிறோம். அப்புறம் அந்த மின்தடை அறிவிப்பு, அது இல்லாமல் எங்கள் வீட்டில் மாவு அரைக்க முடியாது.

ஆக, நண்பரே, ஊருக்குப் புதியவர் நீங்கள், தாராளமாக வாங்குங்கள், இதைவிட ஊரை அறிமுகம் செய்து வைக்கும் பேப்பர் இங்கே இல்லை. நான் நேற்று ஏஜென்டிடம் அடுத்த மாதத்திலிருந்து போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்றுக் காலையில் இன்னொரு "தனியார் பள்ளி" வேன் கவிழ்ந்தது, டிரைவரின் முழு விலாசம் இருந்தது, பள்ளி எது என்று கடைசி வரி வரை இல்லை. மாநகராட்சிக் கூட்டம் நடந்த மறுநாள் மட்டும் மூன்றாம் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.