ஒரு சீசன் முழுக்க ஸ்க்ரம் கேப் போட்டுப் பார்த்தேன்

ஸ்க்ரம் கேப் என்றால் ரக்பியில் தலையையும் காதையும் மூடிப் போடுகிற மெத்தென்ற ஃபோம் தொப்பி. நான் தொழில்முறை ரக்பி வீரன் கிடையாது. வார இறுதியில் லாக் இடத்தில் ஆடுகிறவன், அதாவது ஸ்க்ரமில் (இரண்டு அணியின் முன்கள வீரர்களும் கோத்துக்கொண்டு பந்துக்காகத் தள்ளுவது) இரண்டாவது வரிசையில் குனிந்து, முன்வரிசையில் நிற்கிற ப்ராப், ஹூக்கர் என்கிற இருவருக்கும் நடுவே தலையைச் செருகித் தள்ளுகிறவன். அந்த இடத்தில் ஆடியவர்கள் ஆட்டம் முடிந்ததும் முதலில் தொட்டுப் பார்ப்பது காதைத்தான். இத்தனை வருடமாக இன்சுலேஷன் டேப்பைத் தலையைச் சுற்றி ஒட்டிக்கொண்டு சமாளித்தேன், பிய்க்கும்போது கொத்தாக முடியும் சேர்ந்து வரும். போன சீசன் ஆரம்பத்தில் இடது காது வீங்கி, தொட்டால் சின்னத் தண்ணீர்ப் பை மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் ஊசி வைத்து ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார். தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ரத்தம் தேங்கி, அப்படியே விட்டால் குருத்தெலும்புக்குப் போகிற ரத்த ஓட்டம் நின்று காது சுருங்கிக் கெட்டியாகிவிடும் என்றார். காலிஃபிளவர் காது என்று சொல்கிறார்களே, அதுதான். மறுநாளே கேப் வாங்கிவிட்டேன்.

எந்த பிராண்டு என்று சொல்லப்போவதில்லை. கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். காதைப் பொறுத்தவரை இது அருமையான பொருள். சீசன் முழுக்க ஒரு தடவைகூட காது வீங்கவில்லை, உரசல் எரிச்சல் இல்லை, கீழே கிடக்கிற பந்துக்காக மேலே நின்று தள்ளுகிற ரக்கில் பூட்ஸ் பட்டு மண்டை கிழிகிற பயமும் குறைந்தது. அளவு எடுக்கும்போது மட்டும் கவனம்: புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்து, இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் சின்னதையே எடுங்கள். வியர்வையில் நனைந்ததும் துணி இளகிக் கொடுக்கும். நான் பெரியதை எடுத்தேன், மூன்றாவது ஆட்டத்தில், பந்து வைத்திருப்பவரைச் சுற்றி நின்றபடியே தள்ளுகிற மால் நடுவில் கேப் கண்ணுக்கு மேல் இறங்கி, யாரைத் தள்ளுகிறேன் என்று தெரியாமல் எங்கள் அணி ஃபிளாங்கரையே தள்ளிக்கொண்டிருந்தேன். பின்பக்கக் கயிற்றை இறுக்கிய பிறகு சரியானது.

கேப்பில் காதுக்கு விட்டிருக்கிற ஓட்டை சின்னது. கோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிற பந்தைக் குதித்துப் பிடிக்கிற லைன்-அவுட்டில் ஹூக்கர் கத்துகிற ரகசியச் சொல் பாதிதான் கேட்கும், முதல் மாதம் இரண்டு தடவை தப்பான நேரத்தில் குதித்திருக்கிறேன். நாற்றம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கையால் குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள், ஹீட்டர் மேல் போட்டால் ஃபோம் விறைத்துவிடுகிறது.

இப்போது திட்டு. பெட்டி மேல் கொட்டை எழுத்தில், தொழில்முறை வீரர்கள் நம்புகிற தலைப் பாதுகாப்பு என்று போட்டு, பக்கத்திலேயே மூளை அதிர்ச்சியைக் குறைக்கும் என்கிற மாதிரி ஒரு வரி. இதைப் படித்துவிட்டுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற அம்மா அப்பா என்ன நினைப்பார்கள்? உலக அளவில் ஆட்ட விதிகளை வகுக்கிற வேர்ல்டு ரக்பி அமைப்பின் விதிப்படி இந்த ஃபோம் சுமார் 1 சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போகக் கூடாது, மெத்தென்றுதான் இருக்க வேண்டும். மூளை அதிர்ச்சி என்பது மண்டைக்குள் மூளை குலுங்கித் திருகுவதால் வருவது. நெஞ்சில் இடி வாங்கித் தலை வெடுக்கென்று திரும்பினாலே போதும், அங்கே ஒரு சென்டிமீட்டர் ஸ்பாஞ்ச் என்ன செய்யும்? ஆஸ்திரேலியாவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் வீரர்களை வைத்து நடத்தி 2009இல் வெளியான ஆய்விலும், கேப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மூளை அதிர்ச்சியில் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

தொழில்முறை வீரர்கள் போடுகிறார்களே என்றால், ஆமாம், போடுகிறார்கள். 2023 உலகக் கோப்பையில் நமீபியா ஆட்டத்தில் கன்ன எலும்பு உடைந்த பிரான்ஸ் வீரர் அந்துவான் துபோன், 24 நாளில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான காலிறுதிக்கு ஸ்க்ரம் கேப்போடுதான் இறங்கினார் (பிரான்ஸ் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது, அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை). ஆனால் அந்த மட்டத்தில் தலைக்கு உண்மையான காவல் வேறு இடத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து பல்லில் மாட்டுகிற மவுத்கார்டுக்குள்ளேயே சென்சார் வைத்து, பலமான அதிர்வு பதிவானால் மைதான ஓரத்து டாக்டருக்குத் தகவல் போகிறது, வீரரை வெளியே கூப்பிட்டு 12 நிமிடத்துக்குள் சோதிக்கிறார்கள். இவ்வளவுக்கும் காரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஆட்டத்தை வழிநடத்துகிற ஃபிளை-ஹாஃப் இடத்தில் ஆடிய பாட் லாம்பி மூளை அதிர்ச்சித் தொல்லையால் 2019இல் ஓய்வு பெற்றபோது வயது 28தான். 2003இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்ற ஹூக்கர் ஸ்டீவ் தாம்ப்சன், தனக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்திருக்கிறது, அந்தக் கோப்பையை வென்றதே நினைவில்லை என்று சொன்னபோது 42. ஒரு ஆட்டக்காரரின் தொழில் முழங்கால் காயத்தால் மட்டும் முடிவதில்லை. இது தெரிந்தும் பெட்டி மேல் அப்படி ஒரு வரி போட எப்படி மனசு வருகிறதோ.

அந்த வரி எனக்குள்ளும் வேலை செய்தது, அதுதான் வேடிக்கை. கேப் மாட்டிய முதல் இரண்டு வாரம் என் டாக்கிள், அதாவது பந்தோடு ஓடி வருகிறவரை மடக்கி வீழ்த்துகிற விதம், மாறிவிட்டது. வழக்கமாகத் தலையை எதிராளியின் பின்பக்கமாக ஒதுக்கி, தோளைக் கொடுப்பேன். கேப் இருக்கிற தைரியத்தில் தலையை முன்னால் நீட்டி, ஓடி வருகிறவரின் முழங்கால் பாதையிலேயே வைத்தேன். பயிற்சியாளர் வீடியோவை நிறுத்தி, என் நெற்றிக்கும் அந்த முழங்காலுக்கும் நடுவில் விரலை வைத்துக் காட்டினார். இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அடுத்த பயிற்சிக்குக் கேப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். ஒரு மாதம் டாக்கிள் பயிற்சி மட்டும் வெறும் தலையோடு, ஸ்க்ரமுக்கு மட்டும் கேப்.

தாடைப் பட்டையின் வெல்க்ரோ எட்டாவது ஆட்டத்திலேயே புல்லும் ஜெர்சி நூலும் அடைத்துப் பிடியை விட்டுவிட்டது. மாற்றித் தருவீர்களா என்று எழுதினேன், சாதாரணத் தேய்மானம் என்று பதில் வந்தது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் புது வெல்க்ரோ தைத்துக்கொண்டேன், அது இன்னும் கெட்டியாக நிற்கிறது.

ஐந்துக்கு மூன்றரை. லாக், ப்ராப், ஸ்க்ரமின் கடைசியில் நிற்கிற எட்டாம் எண் ஆடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். மைதான ஓரமாக ஓடுகிற விங்கில் ஆடுகிறவர்கள், காதுப் பிரச்சினை இல்லாவிட்டால், அந்தக் காசை பல் டாக்டரிடம் அச்செடுத்துச் செய்கிற மவுத்கார்டில் போடுங்கள். வாங்கினால் பெட்டியைப் பிரித்ததும் முதலில் அந்த அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள், குறிப்பாகப் பிள்ளை பார்ப்பதற்கு முன்னால்.