பழைய காசு ஒரிஜினலா டூப்ளிகேட்டானு பார்க்க ஒரு பாக்கெட் தராசு

ஆன்லைன்ல பழைய காசு வாங்குறவங்க வீட்ல முதல்ல இருக்க வேண்டிய பொருள் இதுதான்னு நான் அடிச்சு சொல்லுவேன். 200 கிராம் வரைக்கும் தாங்குற சின்ன டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் வரைக்கும் காட்டும், பிராண்டுனு பெருசா ஒண்ணும் கிடையாது, ஐநூறு ரூபாய்க்குள்ளயே வந்துருச்சு. வந்த உடனே நம்ம பர்ஸ்ல இருக்கிற புது சில்லறைய வச்சு செக் பண்ணிக்கோங்க, 2011க்கு அப்புறம் வந்த பத்து ரூபா காசு 7.71 கிராம், ஒரு ரூபா 3.79, அதுக்கு பக்கத்துல காட்டுச்சுன்னா தராசு ஓகே.

வெள்ளிக் காசுக்கு இது சூப்பர். 1835 வில்லியம் ரூபா இருக்குல்ல, வில்லியம் ராஜா தலை போட்டு ஈஸ்ட் இந்தியா கம்பெனி அடிச்ச ரூபா, அதோட எடை 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. தேஞ்சிருந்தா கொஞ்சம் குறையும், ஆனா எடை மட்டும் பார்த்து விட்றாதீங்க, தண்ணி டெஸ்ட்டும் பண்ணுங்க. சின்ன பிளாஸ்டிக் கப்ல தண்ணி ஊத்தி தராசுல வச்சு ஜீரோ பண்ணிட்டு, காச மெல்லிசு நூல்ல கட்டி அடியிலயும் ஓரத்துலயும் படாம தண்ணிக்குள்ள தொங்க விடணும், அப்ப காட்டுற நம்பரால காசோட எடைய வகுக்கணும், வர்றதுதான் அந்த உலோகத்தோட அடர்த்தி, அவ்ளோதான். என்கிட்ட இருக்கிற நல்ல ரூபா 11.60 கிராம், தண்ணியில 1.12 காட்டுச்சு, வகுத்தா 10.3 சொச்சம் வருது, கரெக்டா இந்த வெள்ளிக்கு வர வேண்டியது. அதே மாதிரி பளபளனு ஒண்ணு, "கேரண்டி ஒரிஜினல்"னு போட்டு ஒருத்தர் வித்தது, 10.90 கிராம், தண்ணியில 1.25, வகுத்தா 8.7தான், வெள்ளியே இல்ல. ரிட்டர்ன் கேட்டா பதிலே இல்ல, எனக்கு அவ்ளோ ஆத்திரம்.

கடுப்பேத்துற விஷயம் ஒண்ணு இருக்கு, ஒரு நிமிஷம் சும்மா இருந்தா தானா ஆஃப் ஆயிடும், நூல பிடிச்சுக்கிட்டு ஆடாம நிக்கிற நேரத்துலதான் ஆஃப் ஆகும். அதுக்கு ஒரு ஸ்டார் கட்.

திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம் மாதிரி குட்டிக் காசுக்கு வேற வழி வேணும். அது மிளக நசுக்கி வச்ச மாதிரி இருக்கும், அரை கிராம் கூட வராது, அந்தக் காலத்துல இத எண்ணுறதுக்குனே குழி குழியா மரப்பலக வச்சிருந்தாங்க. தனியா வச்சா தராசு சில நேரம் அசையவே மாட்டேங்குது. அதனால ஒரு அஞ்சு ரூபா காச முதல்ல வச்சு, ஜீரோ பண்ணாம நம்பர குறிச்சுக்கிட்டு, அதுக்கு மேல சக்கரத்த வச்சு கழிச்சுப் பாருங்க. பத்து சக்கரம் இருந்தா மொத்தமா போட்டு வகுத்தா இன்னும் நல்லது.

செப்புக் காசுக்கு இந்தத் தராசு போதாதுங்க, இத சொல்லியே ஆகணும். ராஜராஜன் காசு, ஒரு பக்கம் நிக்கிற உருவம், மறுபக்கம் உக்காந்த உருவம், கை ஓரமா நாகரி எழுத்துல ஸ்ரீ ராஜராஜனு இருக்குமே அது, தேய்மானத்தால எடை முன்ன பின்ன வரும், டூப்ளிகேட்டும் செம்புதான். அங்க பத்து மடங்கு பெருசா காட்டுற 10எக்ஸ் லென்ஸ்தான் கை கொடுக்கும். அச்சுல வார்த்ததா இருந்தா மேல ஊசி குத்தின மாதிரி காத்துக் குமிழ் தெரியும், எழுத்து விளிம்பு மழுங்கி இருக்கும், ஓரத்துல அரம் போட்ட கோடு இருக்கும். இன்னொன்னு, அதே விக்கிறவரோட மத்த லிஸ்டிங் போட்டோவையும் பாருங்க, ரெண்டு காசுல ஒரே இடத்துல ஒரே மாதிரி பள்ளம், ஒரே கீறல் இருந்தா ரெண்டும் ஒரே காசுல இருந்து எடுத்த வார்ப்பு.

ராமர் பட்டாபிஷேகம் போட்டு ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1717, 1818னு வர்றதுக்கு தராசே எடுக்க வேணாம், கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்ல, லட்சக்கணக்குல விலை சொல்லுவாங்க, நம்பாதீங்க.

காசு ஒரிஜினலானு பார்த்து தரம் போட்டுக் கொடுக்கிற வெளிநாட்டு கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பலாமேனு கேப்பீங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆன காசு 1972 தொல்பொருள் சட்டத்துல வருது, நம்ம இஷ்டத்துக்கு நாட்ட விட்டு அனுப்ப முடியாது. அதனால முதல்ல இந்தத் தராசும் லென்ஸும் வாங்கிக்கோங்க, சோழர் காசா இருந்தா விக்கிறவர்கிட்ட ஓரத்த தனியா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, பணம் அப்புறம் போடலாம்.