எட்டு வருஷமாகத் தண்டர்பேர்ட்: பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் தப்பு என்கிறது

தாராவி தொண்ணூறடி ரோட்டில் சித்தப்பாவுக்குத் தோல் பை கடை. பில், ஆர்டர், கூரியர் ரசீது எல்லாம் மெயிலில்தான். 2017-இல் கடைக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்கிற மெயில் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன், அன்றிலிருந்து மெயிலுக்கு என்ன வந்தாலும் நான்தான் வைத்தியர். செம்பூரில் நான் சோற்றில் கை வைக்கிற நேரமாகப் பார்த்து போன் வரும்: "ஏலே, மெயிலு போவ மாட்டேங்கு."

அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி விடை இருக்கிறது என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. மெயில் வருவது ஒரு வழி, போவது வேறு வழி. வருவதற்கு ஐமேப், போர்ட் (சர்வரின் கதவு எண் மாதிரி) 993; போவதற்கு எஸ்எம்டிபி, 587 அல்லது 465. வருகிறது ஆனால் போகவில்லை என்றால் பாஸ்வேர்டை நோண்டாமல் நேரே அவுட்கோயிங் சர்வர் பக்கம் போய்விட வேண்டும். முதல் தடவை நான் செய்தது அதற்கு நேர் எதிர். ஹோஸ்டிங் கம்பெனி கொடுத்த பழைய தாளில் 25 என்று இருந்ததை அப்படியே போட்டுவிட்டு, பாஸ்வேர்டை நாலு முறை மாற்றினேன். ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்குப் பயந்து பல இணைய நிறுவனங்கள் அந்த 25-ஐ அடைத்தே வைத்திருக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 587-க்கு மாற்றியதும் தேங்கிக் கிடந்த பில்லெல்லாம் சர்ரென்று போனது. இன்னொன்று, மெயிலைப் பூட்டி அனுப்பும் பாதுகாப்பு முறையும் போர்ட்டுக்குப் பொருந்த வேண்டும்: 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். 465-இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் வைத்தால் உருப்படியாக ஒரு பிழைகூடச் சொல்லாது, சும்மா சுற்றிச் சுற்றி டைம் அவுட் ஆகும்.

2022 மே 30-க்கு அப்புறம் வெறும் பாஸ்வேர்டை வைத்து வெளி மென்பொருளில் ஜிமெயில் திறப்பதை கூகுள் நிறுத்தியது. சித்தப்பாவின் பாஸ்வேர்ட் அட்சரசுத்தமாகச் சரி, ஆனால் தப்பு தப்பு என்றே வந்தது. முதலில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, வெளி மென்பொருளுக்கென்றே கூகுள் தரும் பதினாறு எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுத்து ஒப்பேற்றினேன். ஓடிபி திருநெல்வேலியில் இருக்கும் தம்பியின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது தனிக் கூத்து. அதைவிட நல்ல வழி, சர்வர் அமைப்புகளில் சரிபார்ப்பு முறையை ஓஆத்2 என்று வைப்பது. கூகுளின் லாகின் ஜன்னல் ஒருமுறை திறக்கும், உள்ளே போனால் சரி. ஐமேப், எஸ்எம்டிபி இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். நான் ஒன்றை மறந்து, திரும்பவும் "போவ மாட்டேங்கு."

என்னை நிஜமாகவே திணறடித்தது ஒரு ஜூலை மழை. கரண்ட் போய் வந்தபின் எந்த மெயில் கணக்கும் திறக்கவில்லை, சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் செல்லாது என்று ஒரே எச்சரிக்கை. ஆன்டிவைரஸ் குறுக்கே புகுந்து தன் சான்றிதழை நீட்டினாலும் இப்படி வரும் என்பதால் அதன் மெயில் ஸ்கேனை அணைத்தேன், ஹோஸ்டிங் கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டையும் பிடித்தேன். கடைசியில் திரையின் மூலையில் பார்த்தால் தேதி 2009! மதர்போர்டு பேட்டரி செத்திருந்தது. சான்றிதழுக்கு ஒரு தொடக்க நாளும் ஒரு முடிவு நாளும் உண்டு, கம்ப்யூட்டர் 2009-இல் நின்றால் அதன் கணக்கில் அது இன்னும் பிறக்கவே இல்லை. லேமிங்டன் ரோட்டில் ஒரு சிஆர்2032 பேட்டரி வாங்கிப் போட்டதோடு தீர்ந்தது.

புதிதாகப் போடுபவர்கள் பெயர், மெயில் முகவரி, பாஸ்வேர்ட் கொடுத்தாலே போதும், பிரபலமான சேவைகளுக்கு சர்வர் விவரத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். சொந்த டொமைன் என்றால் கையால் போட வேண்டியும் வரலாம். ஐமேப்புக்குப் பதில், மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பழைய முறையான பாப்3-ஐ மட்டும் தெரியாமல் தேர்ந்தெடுத்து விடாதீர்கள்.

போன மாதம் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. தண்டர்பேர்ட் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் தூக்கிப் போட்டேன், எட்டு வருஷ மெயிலும் அமைப்பும் ஒன்றுவிடாமல் வந்து உட்கார்ந்தன. சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பழசுல எழுத்து பெருசா இருந்துச்சேடே" என்றார்.