கண்ணெதிரே இருக்கும் சொல்லைக் காணோம் என்கிறது: சொற்செயலியோடு 8 வருடம்

போன வாரம் மடிக்கணினியை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கினேன். ஹார்ட் டிஸ்க் சாகக் கிடந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துப் புது டிஸ்கில் போட்டுக் கொடுத்தார். விட்டுப்போனது ஒன்றே ஒன்று. 8 வருடமாக நான் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்த ஆட்டோகரெக்ட் பட்டியல், அதாவது இந்தத் தப்பான சொல்லை இந்தச் சரியான சொல்லாக மாற்று என்று சொற்செயலிக்குச் சொல்லிவைக்கிற பட்டியல். 400 சொல்லுக்கு மேல் இருக்கும். அது டாக்குமென்ட்ஸில் இருக்காது, பயனர் கணக்குக்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு ஃபோல்டரில் ஒளிந்திருக்கும். அவரிடம் முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. ஆனாலும் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தமிழாசிரியர் ஐயா ஃபோன் செய்தார். ஓய்வு பெற்றுவிட்டார், தன் ஊரைப் பற்றிப் புத்தகம் எழுதப்போகிறார். கணினியில் அடிக்கிற மென்பொருளான சொற்செயலியிலேயே எழுதலாமா என்று கேட்கிறார். "ஏம்மா, எட்டு வருஷமா அதோடதானே குடும்பம் நடத்துறே. நல்லா இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

அந்த ஒரு வார்த்தைக்காக யோசித்ததுதான் இவ்வளவு நீளம் ஆகிவிட்டது.

நான் சிறு பதிப்பகங்களுக்குப் புரூஃப் பார்க்கிறேன். காசு கொடுத்து வாங்கிய சொற்செயலி ஒன்று, இலவசமானது ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகிற விஷயத்தில் இரண்டும் ஒரே குட்டையில் ஊறியவை.

விஷயம் இதுதான். சொல் திரையில் இருக்கிறது. நான் பார்க்கிறேன். அதே சொல்லைத் தேடல் பெட்டியில் அடித்தால் "இல்லை" என்கிறது.

முதல் தடவை இது நடந்தது ஒரு கட்டுரைத் தொகுப்பில். பின்னால் பெயர் அட்டவணை வேண்டும் என்றார் பதிப்பாளர். தயாரித்து அகரவரிசைப்படுத்தினால் ஔவையார் இரண்டு இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஔவையார் ஒருவரா பலரா என்று இலக்கிய வரலாற்றில் ஏற்கெனவே பேச்சு உண்டு. என் அட்டவணையில் சந்தேகமே இல்லாமல் இரண்டு பேர். ஒருவர் 'ஔ' என்ற ஒற்றை எழுத்தில் தொடங்குகிறவர். இன்னொருவர் 'ஒ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்து உண்டானவர்: ஒளவையார். அச்சில் பார்த்தால் அக்கா தங்கை போல இருப்பார்கள். கணினிக்கு இருவரும் சொந்தக்காரர்களே இல்லை.

கௌரவம், மௌனம், பௌர்ணமி, வௌவால் எல்லாவற்றுக்கும் இதே கதை. எழுதியவர் ஒற்றைக் கொம்பு போட்டு, எழுத்தை அடித்து, பின்னால் ஒரு 'ள' வைத்துவிடுகிறார். கெளரவம் ஆகிவிடுகிறது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு எண் கொடுத்துவைத்திருக்கிற பொது முறைதான் யூனிகோடு. அதில் ஔகாரக் குறிக்கு என்று ஒரு தனி இடம் இருக்கிறது. அந்தக் குறியின் வலது பாதி 'ள' போலவே தெரியும், ஆனால் அது 'ள' இல்லை. இதை எழுத்தாளரிடம் விளக்கப் போனால் "பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கிறது, விடுங்கள்" என்பார். விடலாம். தேடாதவரை.

அடுத்தது காலும் ரகரமும். நிறைய எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசம் கீழே உள்ள சின்ன வால் மட்டும்தான். 'காலம்' என்பது 'கரலம்' என்று இருந்தால் நாற்பது வயதுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது, எனக்கு நாற்பத்தாறு. அதைவிடக் கொடுமை பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி வந்த கோப்புகள். 'ர்' எழுதும்போது வாலை விட்டுவிட்டு, கால் போட்டு மேலே புள்ளி வைப்பது நம் கையெழுத்து வழக்கம். சில எழுத்துருக்களிலும் அப்படியே செய்தார்கள். அது யூனிகோடுக்கு வரும்போது காலும் புள்ளியுமாகவே வந்து சேர்கிறது. அவா்கள், தோ்தல், பாா்வை. படிக்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. 'அவர்கள்' என்று தேடினால் 300 பக்கத்தில் ஒரே ஒரு அவர்கள் கிடைப்பார்கள்.

சரி, இதற்கு வைத்தியம் உண்டு. தமிழில் காலுக்கு மேல் புள்ளி வரவே வராது. அதனால் 'ா்' என்பதை 'ர்' என்று ஒரே அடியாக மாற்றலாம். 'ாி' என்பதை 'ரி' என்றும் 'ாீ' என்பதை 'ரீ' என்றும் மாற்றலாம். கண்ணை மூடிக்கொண்டு 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை அழுத்துங்கள், ஒரு சேதமும் வராது. தேடல் பெட்டியில் காலை மட்டும் தனியாக அடித்தால் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் தெரியும், பயப்பட வேண்டாம்.

இந்தத் தைரியத்தில்தான் நான் அந்த மடத்தனத்தைச் செய்தேன். ஒற்றைக் கொம்பும் 'ள'வும் சேர்ந்து வருகிற இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்று என்று ஒரு கட்டளை. கண்மாய்களைப் பற்றிய புத்தகம் அது. கண்மாய் என்றால் என்ன வரும்? வெள்ளம் வரும். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளம். அந்தச் சொல்லுக்குள்ளும் கொம்பும் 'ள'வும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன! வெளி, வெளிச்சம், தெளிவு, கெளுத்தி மீன், வெள்ளிக்கிழமை என்று ஒன்று விடாமல் 'ள' கழன்று ஔகாரத்தோடு ஒட்டிக்கொண்டது. அதன் புள்ளியும் விசிறியும் பிடிக்க ஆளில்லாமல் புள்ளி வட்டத்தில் தொங்கின. சேமித்து மூடிவிட்டு டீ குடிக்கப் போனதால் பின்னோக்கிப் போகவும் வழியில்லை. திருத்திக்கொண்டு திரும்ப வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று.

அதிலிருந்து பிறந்ததுதான் அந்தப் பட்டியல். சொல் சொல்லாக மட்டும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். 'கெளரவ' என்றால் 'கௌரவ', 'மெளன' என்றால் 'மௌன', 'வெளவால்' என்றால் 'வௌவால்'. தமிழில் ஔகாரச் சொற்கள் கொஞ்சம்தான். முப்பது, நாற்பது சொல்லைச் சேர்த்தால் முக்கால் தொல்லை தீரும். மிச்சம் முன்னூற்றுச் சொச்சமும் இப்படி ஒவ்வொரு புத்தகத்திலும் பட்டுத் தெரிந்துகொண்டவை. அதைத்தான் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மற்ற தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன், ஐயா எப்படியும் கேட்பார். எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் அப்படியே நிற்கிறது என்றால் பழுது ஒன்றும் இல்லை. அரபி, இந்தி மாதிரித் தமிழையும் 'சிக்கலான எழுத்துமுறை' என்ற வகையில் வைத்திருக்கிறார்கள், அதற்கு எழுத்துரு ஜன்னலில் வேறு பெட்டி. அங்கே போய் மாற்ற வேண்டும். அதையும் பாணியில், அதாவது ஸ்டைலில் மாற்றினால்தான் நிலைக்கும். '1.' என்று அடித்ததும் தானாகவே பட்டியல் தொடங்கினால் கோபத்தில் அழிக்க வேண்டாம், உடனே கன்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் அது செய்த குறும்பு மட்டும் போகும், நீங்கள் அடித்தது இருக்கும். வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டும்போது வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். பேக்ஸ்பேஸ் ஒரு தட்டுக்கு விசிறியை மட்டும் எடுக்கும், டெலீட் எழுத்தையே முழுசாக எடுக்கும். இது பழகிவிட்டால் சௌகரியம்தான். எழுத்து எண்ணிக்கையை நம்பாதீர்கள். 'தமிழ்' என்பதில் எனக்கும் உங்களுக்கும் மூன்று எழுத்து, அதன் கணக்கில் ஐந்து.

பிழைதிருத்தி பற்றி நல்லதாகச் சொல்ல முயன்று பார்த்தேன். முடியவில்லை. 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தானே' என்று எழுதினால் சிவப்புக்கோடு போடுவதை மன்னிக்கலாம், அவ்வளவு ஒட்டுகளையும் பட்டியல் போட யாரால் முடியும்? ஆனால் 'அந்த பையன்' என்று எழுதினால் பேசாமல் இருக்கிறது. 'அந்த' சரியான சொல், 'பையன்' சரியான சொல். பிழை இரண்டுக்கும் நடுவில், விட்டுப்போன 'ப்'பில் அல்லவா இருக்கிறது! நடுவில் பார்க்க அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒற்றுக்கு நான், நீச்சல்காரன் என்ற புனைபெயர்க்காரர் உருவாக்கிய நாவியைத்தான் நாடுகிறேன். சொல்லைப் பக்கத்துச் சொல்லோடு சேர்த்துப் பார்க்கிற கருவி அது.

சிவப்புக்கோட்டால் ஒருமுறை பெரிய பாவம் செய்யப் பார்த்தேன். ஒரு கதையில் 'பலா மூசு விட்டிருந்தது' என்று இருந்தது. சொற்செயலி 'மூச்சு' என்று மாற்றச் சொன்னது. எனக்கும் அந்தச் சொல் தெரியாது. பலா மூச்சு விடுமா? கதையில் எதுதான் நடக்காது என்று கை மவுஸுக்குப் போய்விட்டது. என்னவோ தோன்றி அகராதியைப் புரட்டினேன். மாம்பிஞ்சுக்கு வடு என்பதுபோல, பலாப்பிஞ்சுக்கு மூசு. வாழைப்பிஞ்சு கச்சல், தென்னம்பிஞ்சு குரும்பை. அந்த எழுத்தாளரை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

இங்கேதான் எனக்கு நிஜமாகவே ஆற்றாமை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் மேல் வைத்து ஷிஃப்டும் எஃப்7உம் தட்டினால் பத்து மாற்றுச் சொல் வருகிறது. தமிழில் தட்டினால் வெற்றுப் பெட்டி. ஒரே பொருள் தரும் சொற்களைக் கூட்டம் கூட்டமாக அடுக்கி, திவாகரம் என்று பன்னிரண்டு தொகுதியில் நிகண்டு செய்துவைத்த மொழி இது. ஒலிகளுக்கென்றே அதில் ஒரு தொகுதி உண்டு. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோது பெயர், பொருள், தொகை, தொடை என்று நாலு வழியில் சொல்லைத் தேட வழி வைத்தார். எதுகைக்குச் சொல் வேண்டும் என்றால்கூட அதில் தேடலாம். இவ்வளவு வருடத்துக்கு அப்புறம் என் முன்னால் வெற்றுப் பெட்டி.

அதனால் மேஜையில் க்ரியா அகராதி, உலாவியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் லெக்சிகன். 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதியாக வந்த அந்த லெக்சிகனை சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இதில் ஒரு குறுக்குவழி: விளக்கங்கள் ஆங்கிலத்திலும் இருப்பதால், விளக்கத்துக்குள் தேடும்படி வைத்து 'பிஞ்சு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டால், நாம் மறந்துபோன தமிழ்ச் சொல் வரிசையாக வந்து நிற்கும். தமிழ்ச் சொல் தேட ஆங்கிலத்தில் தட்டுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருக்கும். கிடைக்கிறதே.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கடைசியாக வந்த ஒரு வசதி என் வேலையையே மாற்றிவிட்டது: உரக்கப் படிப்பது. அச்சகத்தில் ஒருவர் படிக்க ஒருவர் மூலத்தைப் பார்த்து ஒத்துப்பார்க்கிற அந்தக் காலத்து வேலையை இப்போது இயந்திரம் பாதி செய்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் இந்தியத் தமிழ்க் குரல்களில் பெண் குரலுக்குப் பல்லவி என்றும், ஆண் குரலுக்கு வள்ளுவர் என்றும் பெயர். கோப்பை எட்ஜ் உலாவியில் திறந்து வள்ளுவரைப் படிக்க விட்டுவிட்டு நான் கீரை ஆய்வேன். கண்ணுக்குத் தெரியாத பிழை காதுக்குத் தெரிகிறது. 'காலம்' என்று நான் படித்துக்கொண்டே போன இடத்தில் வள்ளுவர் 'கரலம்' என்கிறார். காலுக்கு மேல் புள்ளி வைத்த இடத்தில் தடுக்கி விழுகிறார். 'கெளரவம்' வந்தால் 'ள'வை ஓர் அழுத்து அழுத்துகிறார், கௌரவமே போய்விடுகிறது. போன மாதம் ஒரு நாவலில் என் கண் விட்ட பதினேழு இடத்தை அவர் பிடித்துக் கொடுத்தார். இதற்காகவே இந்த வசதிக்குப் பத்துக்கு எட்டு போடலாம்.

நேற்றுக் காலை ஐயாவுக்கு ஃபோன் போட்டேன்.

"வேண்டாங்கய்யா" என்றேன்.

"அவ்வளவு மோசமா?"

"நீங்க நோட்டுல எழுதுங்க. நான் அடிச்சுத் தர்றேன்."

"நீ எதுல அடிப்பே?"

"அதுலதான்."

சிரித்தார். முதல் அத்தியாயம் முடிந்துவிட்டதாம், ஊர்ப் பிள்ளையார் கோயில் வௌவால்களிலிருந்து தொடங்குகிறாராம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே புதுப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அறுபத்து மூன்று சொல் சேர்ந்திருக்கிறது, வௌவால் இன்னும் இல்லை. சேர்த்துக்கொண்டேன். பட்டியலின் நகல் ஒன்றை இந்தத் தடவை பென் டிரைவிலும் போட்டிருக்கிறேன்.