டேங்க் காற்றா, தனிக் கம்ப்ரஸரா? ஏர் ஹாரன் மாட்டுவதற்கு முன்

போன ஐப்பசியில் சங்ககிரியிலிருந்து ஒரு தம்பி பிக்கப் வண்டியோடு பட்டறைக்கு வந்தார். கையில் சிவப்பு ஊதல் இரண்டு, உள்ளங்கையில் அடங்கும் கம்ப்ரஸர் ஒன்று.

"ஏனுங்ண்ணா, இதைப் பழைய ஹாரன் வயர்லயே சொருகிட்டா ஊதாதுங்களா?"

"ஊதுமுங்க தம்பி. எத்தனை நாளைக்குன்னு கேளுங்க."

ஏர் ஹாரன் என்றதும் எல்லோரும் சத்தத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். எந்த ஊதல் மாட்டினாலும் சத்தம் வரத்தான் போகிறது. அந்தக் காற்றை எங்கிருந்து எடுக்கிறோம், அந்தக் கரண்டை எந்த வயர் சுமக்கிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று லாரியும் போர்வெல் ரிக்கும் நிறைந்த ஊர்களில் நான் பார்த்த வரையில், மூன்று வழிகள் உண்டு.

முதலில் பெரிய லாரி. ஏர் பிரேக் உள்ள வண்டியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. இன்ஜினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரஸர் டேங்கை எட்டு பார் (காற்றழுத்த அளவு) சுமாருக்கு ஏற்றி வைத்திருக்கும். அதிலிருந்து ஆறு மில்லி நைலான் டியூப், நடுவில் கரண்ட் கொடுத்தால் திறக்கும் 24 வோல்ட் சோலனாய்டு வால்வு, முனையில் ஊதல். அவ்வளவுதான் வேலை. சோலனாய்டு தின்னும் கரண்ட் ஒரு ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஒன்றரை சதுர மில்லி வயரே தாராளம். பழைய டிரைவர்கள் இன்னும் கேபினுக்குள் கயிறு இழுக்கும் வால்வையே கேட்பார்கள். அதில் வயரே கிடையாது, எரிந்துபோக ஒன்றுமில்லை. எனக்கும் அதில் ஒரு பிரியம் உண்டு.

ஆனால் டியூபை எங்கே சொருகுகிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. கைக்கு எட்டுகிறது என்று பிரேக் டேங்கிலேயே ஒரு டீ இணைப்பு போட்டு இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் மாமாவின் ஆறு சக்கர வண்டிக்கு அப்படித்தான் யாரோ செய்திருந்தார்கள். டியூப் சைலன்சர் ஓரமாகப் போயிருக்கிறது. திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பாதியில் அந்த டியூப் உருகிப் பிளந்தது. பஸ்ஸர் அலறியது, காற்று மீட்டரின் முள் சரிந்தது, பின்சக்கரத்து ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்து வண்டி வளைவிலேயே நின்றுவிட்டது. காற்று போனால் பிரேக் பிடிக்கிற மாதிரி வடிவமைத்தவர்கள் புண்ணியவான்கள். ஆனால் பின்னால் வந்த பஸ்காரருக்கு அந்தப் புண்ணியத்தை யார் சொல்லிப் புரியவைப்பது?

காற்று எடுக்க வேண்டிய இடம் சிஸ்டம் புரொடெக்‌ஷன் வால்வின் உபரி வழி. கம்ப்ரஸர் காற்றைப் பிரேக்குக்கும் மற்ற வேலைகளுக்கும் தனித்தனி வழியாகப் பிரித்துக் கொடுப்பது அந்த வால்வு; ஒவ்வொரு வழிக்கும் அதன் மேலேயே எண் பொறித்திருக்கும். 21, 22 இரண்டும் கால் பிரேக்குக்கு. அவற்றைத் தொடவே கூடாது. உபரி வழி பெரும்பாலும் 24. வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் யூனியனைத் திருகுவேன். இந்த வழியில் டியூப் வெடித்தால் அந்தப் பக்கத்துக் காற்று மட்டும் போகும். ஓர் அளவுக்குமேல் மற்ற டேங்குகள் காலியாகாமல் வால்வு மூடிக்கொள்ளும்.

அடுத்தது தனிக் கம்ப்ரஸர். பிக்கப், மினி டெம்போ போன்ற, காற்று டேங்க் இல்லாத ஹைட்ராலிக் (எண்ணெய்) பிரேக் வண்டிகளுக்கு ஏர் ஹாரன் என்றால் இது ஒன்றுதான். இதிலும் இரண்டு ரகம். டேங்க் இல்லாத ரகத்தில் பட்டனை அமுக்கினால்தான் மோட்டார் சுற்றும், ஒரு கணம் பிந்தித்தான் சத்தம் வரும். மறிக்கப் பாயும் பைக்குக்கு அந்த ஒரு கணம் பெரிது. விட்டுவிட்டு ஊதலாம், அரை நிமிடம் அமுக்கிப் பிடித்தால் மோட்டார் சூடாகிவிடும். டேங்கும் பிரஷர் சுவிட்சும் உள்ள ரகம் உடனே ஊதும். ஐந்து லிட்டர் டேங்கில் எட்டு பாரிலிருந்து ஆறு பாருக்கு இறங்கும்வரை பத்து லிட்டர் காற்று கைவசம். ஆனால் இடம் வேண்டும், கசிவு இருந்தால் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடி ராத்திரியெல்லாம் பேட்டரியைக் குடிக்கும். இக்னிஷன் வழியாகத்தான் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும்.

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். வண்டியோடு வரும் ஹாரன் நாலைந்து ஆம்பியர். இந்தச் சின்னக் கம்ப்ரஸர் பதினைந்து, இருபது இழுக்கும். அதே வயரில் சொருகினால் முதலில் போவது ஸ்டியரிங்கில் இருக்கும் ஹாரன் கான்டாக்ட். மெல்லிய வயரில் கரண்ட் வழியிலேயே செத்துவிடும்: ஐந்து மீட்டர் நீளம், ஒன்றரை சதுர மில்லி வயர், இருபது ஆம்பியர் என்றால் ஒரு வோல்ட்டுக்கும் மேலே குறையும். அதே தூரத்துக்கு நாலு சதுர மில்லி போட்டால் அரை வோல்ட்கூடக் குறையாது. ஆகவே ரிலே கட்டாயம்; ஹாரன் வயரின் சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச் அது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட முனை, கம்ப்ரஸருக்கு 87, பழைய ஹாரன் வயர் 86, எர்த்து 85. எர்த்தைப் பெயின்ட் மேல் வைத்து முறுக்கிவிட்டு "கம்ப்ரஸர் மட்டமுங்க" என்று திரும்பி வந்தவர்கள் நிறைய. சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு வயர் முனையின் லக்கை வையுங்கள்.

பெரிய லாரிக்காரர்கள் சிலர் 12 வோல்ட் கம்ப்ரஸரை மலிவாக வாங்கிவந்து, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் கரண்ட் எடுத்துவிடுவார்கள். இதைவிடக் கெட்ட வேலை இல்லை. ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே 24 வோல்ட். ஒன்று தனியாக இறங்க இறங்க அது பசியோடு கிடக்கும், மற்றது தேவைக்கு மேல் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். சில மாதத்தில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும். கம்ப்ரஸரில் மிச்சம் பிடித்த காசுக்கு ஒரு பேட்டரி மூடிகூட வராது.

மூன்றாவது வழியைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. ரிலே போட்டு, நல்ல எலெக்ட்ரிக் ஹாரன் ஜோடி ஒன்று, ஒன்று கனத்த சுருதி, ஒன்று மெல்லியது. டியூப் இல்லை, தண்ணீர் தேங்காது. பிக்கப்புக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சட்டமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி, மாறி மாறி ராகம் ஊதும் ஹாரனையும், கடூரமாக, காது கிழிய, மிரளவைக்கும்படி ஒலிக்கும் எந்தச் சாதனத்தையும் தடுக்கிறது. டேங்க் காற்றாக இருந்தாலும் தனிக் கம்ப்ரஸராக இருந்தாலும் சத்தம் அப்படி இருந்தால் மாட்டியதே தப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சத்த வரம்பை மீறினால் முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மூன்று மாதம் லைசென்சும் போகும். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) அன்றைக்கு மட்டும் கழற்றி வைக்கிற பழக்கம் ஊரறிந்தது. நடுரோட்டில் நிறுத்திக் கேட்டால் எதைக் கழற்றுவது?

எதை மாட்டினாலும் ஊதலின் வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும், மழைத்தண்ணீர் உள்ளே தங்கக் கூடாது. லாரியாக இருந்தால் காலையில் டேங்கின் அடி வால்வை இழுத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். இல்லையென்றால் ஊதலின் தகடு ஒட்டிக்கொண்டு கரகரக்கும்.

தம்பி அரை மணி நேரம் யோசித்து, எலெக்ட்ரிக் ஜோடியையே மாட்டிக்கொண்டு போனார். சிவப்பு ஊதலை அடுத்த நடை வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றார். இன்னும் அலமாரியில் வாய் மேல்நோக்கித்தான் நிற்கிறது. ஒன்றில் குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டி முடித்துவிட்டது.