பெங்களூருக்கு எந்த வழி: கிருஷ்ணகிரியா, ராயக்கோட்டையா?

சேலத்தில் இருந்து காரில் கிளம்பினால் ஓமலூர், தொப்பூர் வரை யோசிக்க ஒன்றும் இல்லை. தருமபுரிக்குச் சற்று முன்னால், அதியமான்கோட்டையில்தான் கேள்வி வரும். 44-ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே போய்க் கிருஷ்ணகிரி வழியாக ஓசூரைப் பிடிப்பதா, அங்கே பிரியும் 844-இல் பாலக்கோடு, ராயக்கோட்டை என்று போவதா?

முதலாவது ராஜபாட்டை. 2010-க்கு முன் இது என்.எச். 7, வாரணாசியில் இருந்து கன்னியாகுமரி வரை. எண்களை மாற்றியபோது சாலையின் தொடக்கம் ஸ்ரீநகருக்குப் போய்விட்டது. பிரச்சினை கிருஷ்ணகிரியில் தொடங்குகிறது. சென்னையில் இருந்து வரும் 48 அங்கே வந்து சேர, பெங்களூரு வரை இரண்டுக்கும் ஒரே சாலைதான். அதாவது தெற்கே இருந்து வரும் லாரியும் சென்னைத் துறைமுகத்து கன்டெய்னரும் நம்மோடு ஓசூருக்குள் நுழைகின்றன. அதோடு சிப்காட் ஷிப்ட் விடும் நேரமும் சேர்ந்தால், சரி, பாட்டுப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

844-இல் பத்து கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். இது ஒன்றும் புதுக் குறுக்கு வழி இல்லை. பாராமகாலில் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பழைய பெயர்) இருந்து மைசூர் மேட்டுக்கு ஏறும் கணவாய்க்குக் காவலாக நின்றது ராயக்கோட்டை மலைக்கோட்டை. 1791-இல், மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். சேலம்–பெங்களூரு ரயிலும் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகத்தான் ஓடுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர், ஆனால் ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது! இந்த வழியில் தக்காளி ஏற்றிய வண்டிகள் குறுக்கே வரும், சாப்பாட்டுக் கடைகள் குறைவு. ஆனாலும் பகலில் என் ஓட்டு இதற்குத்தான். இரவில், குழந்தைகளோடு போனால் கிருஷ்ணகிரி. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் அங்கேதான்.

மேட்டூர், மாதேஸ்வரன் மலை வழியைச் சிலர் சொல்வார்கள். மைசூருக்கு அது சரி, பெங்களூருக்குச் சுற்று.

முதல் இரண்டில் எந்த வழியில் போனாலும் திரும்பும்போது தொப்பூர் கணவாய் பொது. போகும்போது ஏற்றம் என்பதால் பயம் தெரியாது. வரும்போதுதான் நீண்ட இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகளுக்குப் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிறது. இரட்டைப் பாலம் பக்கம் நடக்கும் விபத்துகளில் பாதிக் கதை இதுதான். கியரைக் குறைத்து, பின்னால் வரும் லாரிக்கு வழிவிட்டு இறங்குங்கள்.