அட்டை ஜிக்சோவா, மர ஜிக்சோவா? ஒரு மாரி கழிந்த பிறகு பார்த்த கணக்கு

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இடையிலுள்ள மணல் திட்டில் ஐப்பசி பிறந்துவிட்டால் எதுவும் காய்ந்து கிடக்காது. உப்புப் போத்தலில் உப்புக் கட்டிபடும், கொப்பித் தாள் நெளியும், முதிரை மேசையின் லாச்சி இழுபட மறுக்கும். இந்த வீட்டில்தான் ஒன்பது வருடமாக ஜிக்சோ, அதாவது துண்டுதுண்டாக வெட்டிய படத்தைச் சேர்க்கும் புதிர், பொருத்தி வருகிறேன். அட்டையில் செய்தவை முப்பதுக்கு மேல் கைக்கு வந்து போயின. மரத்தில் செய்தவை மூன்றே மூன்று. மூன்றாவதை இந்த ஆடியில் ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சாள் கொண்டுவந்து தந்தாள். அவளிடம் காசை எண்ணிக் கொடுக்கும்போதே, இனி அட்டைக்குப் பெரிய காசு செலவழிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

எல்லாருக்கும் தெரிந்தவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அட்டை மலிவு. மரத்தைத் துண்டுக்குத் துண்டு கணக்குப் பார்த்தால் பல மடங்கு விலை. அட்டையில் படங்களும் ஏராளம். 1883இல் ஜெர்மனியில் தொடங்கிய ரவென்ஸ்பர்கர், இத்தாலியின் கிளெமென்டோனி, போலந்தின் ட்ரெஃபில், ஸ்பெயினின் எஜுக்கா என்று எந்தப் பெட்டியை எடுத்தாலும் 1000 துண்டுப் படம் ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் நீளமும் 50 சென்ரிமீற்றர் அகலமும் வரும். சுவரில் மாட்டினால் அறையே நிறைந்துவிடும். மரத்தில் 250, 500 துண்டுகள்தான் கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன. வேகப் போட்டிக்குப் பழகுகிறவர்களுக்கு இந்த ஒப்பீடே வேண்டியதில்லை. 2019இல் ஸ்பெயினின் வல்லாடொலிட் நகரில் தொடங்கிய உலகப் போட்டியில் தனியாள் பிரிவுக்கு 500 துண்டு அட்டைப் படத்தைத்தான் கொடுக்கிறார்கள். அவர்கள் அட்டையிலேயே கைபழகட்டும்.

நான் பேச வந்தது ஈரத்தைப் பற்றி.

ஜிக்சோவை மதிப்பிடுகிறவர்கள் வழக்கமாகச் சில சோதனைகள் வைத்திருக்கிறார்கள். பொருத்தி முடித்த படத்தின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் அது பிரியாமல் வருகிறதா, ஓரிடத்துத் துண்டு இன்னோர் இடத்திலும் உட்கார்ந்து ஏமாற்றுகிறதா, பெட்டியின் அடியில் வெட்டுத் தூள் எவ்வளவு, விளக்கு வெளிச்சத்தில் படம் கண்ணைக் கூசுகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். நானும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். ஆனால் இவையெல்லாம் பெட்டி உடைத்த அந்தக் கிழமையோடு முடிந்துவிடும் சோதனைகள். குளிர்நாட்டில், சூடேற்றி உலர்ந்த அறையில் இருந்து எழுதுகிறவர்களுக்கு அது போதும். மட்டக்களப்பில் ஒரு ஜிக்சோவின் குணம் தெரிய வேண்டுமானால் அது ஒரு மாரியைக் கடக்க வேண்டும். அதனால் என் கொப்பியில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறேன். ஒன்று முதல் தடவை பொருத்தியபோது, மற்றது தை மாதத்தில் பெட்டியைத் திறந்து திரும்பப் பொருத்தியபோது.

இரண்டாவது கட்டத்தில் அட்டை தோற்றுப்போன கதை இது. நல்ல நிறுவனம் ஒன்றின் 1000 துண்டுப் படம், பெயர் வேண்டாம். ஆனி மாதத்தில் பொருத்தினேன். கச்சான் என்ற உலர்ந்த மேல்காற்று சுழன்றடித்த நாட்கள். வீட்டுக்குள் தாளெல்லாம் மொறுமொறுவென்று இருந்தது. துண்டுகள் கச்சிதமாக உட்கார்ந்தன. படத்தைக் கலைக்க மனம் வரவில்லை. எங்கள் ஒழுங்கையிலிருக்கும் ஓடாவியிடம் சொல்லி, நாலு பக்கமும் விளிம்பு வைத்த பலகைத் தட்டு ஒன்று செய்வித்து, அதற்குள் படத்தை நகர்த்தி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் விளக்கீட்டுக்குச் சிட்டி எடுக்க ஏறியபோதுதான் பார்த்தேன். படத்தின் நடுப்பகுதி பொரித்த அப்பளம் போல மேலெழும்பி நின்றது. விரலால் அமர்த்தினேன். ஒரு பக்கம் தணிந்தது, மறுபக்கம் எழும்பியது.

காரணம் எளிது. அட்டை என்பது அழுத்திய கடதாசி நார். ஈரத்தைக் குடித்தால் நார் தடிக்கும், நீளும். 70 சென்ரிமீற்றர் படம் நூற்றுக்கு அரை வீதம் நீண்டாலே மூன்றரை மில்லிமீற்றர் கூடிவிடும். நாலு பக்கமும் விளிம்பு தடுத்தால் அந்த மூன்றரை மில்லிமீற்றர் எங்கே போகும்? மேலேதான் போக வேண்டும். விளிம்பு இல்லாத மேசையில் கிடந்திருந்தால் தப்பியிருக்குமே என்று அப்போது நினைத்தேன். மேசையில் கிடந்த இன்னொரு படம் அந்த நினைப்பையும் பொய்யாக்கியது. துண்டுகளின் மேல்முகத்தில் படத்தாளும் பூச்சும் இருக்கின்றன, அடிமுகம் வெறும் சாம்பல் அட்டை. இரண்டும் ஒரே அளவில் ஈரம் குடிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு துண்டும் தனித்தனியே வளைகிறது.

கோடை திரும்பியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆலையில் அழுத்தி இறுக்கிய நார் ஒருமுறை ஈரத்தில் நெகிழ்ந்துவிட்டால் அந்த இறுக்கம் திரும்பி வராது. சித்திரையில் அதே துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு துண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்தேன். அதன் ஓரம் பஞ்சுபோல மெத்தென்று இருந்தது. நகம் பட்டதும் படத்தாள் மெல்லிய சவ்வாகக் கிளம்பியது. அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு, அங்கே இராமபாணப் பூச்சி மேய்ந்த வரி. ஆனியில் தூக்கினால் பிரியாமல் வந்த படம், அடுத்த சித்திரையில் கை வைத்தாலே கலைந்தது.

மரத்துக்கு வருகிறேன். என்னிடம் முதலில் வந்தது ஒட்டுப்பலகையில் வெட்டிய 250 துண்டு, ஒரு மீன்பிடித் துறைமுகப் படம். அது இதுவரை நான்கு மாரி பார்த்துவிட்டது. ஆறு தடவை பொருத்தியிருக்கிறேன். கொப்பியில் அதன் முதல் கட்டத்துக்கும் கடைசி வரிக்கும் எழுத வித்தியாசம் இல்லை. மார்கழியில் துண்டுகள் சற்று இறுகும், ஆடியில் சற்று இளகும், அவ்வளவுதான். மரமும் ஈரத்தைக் குடிக்கும், அதில் ஐயமில்லை. லாச்சி இறுகுவதும் அதனால்தானே. ஆனால் மரம் நாரின் குறுக்கே தடிக்குமே தவிர நாரின் நீளப்போக்கில் நீளுவது மிகக் குறைவு. ஒட்டுப்பலகையில் ஒரு படை கிழக்கு மேற்காகவும் அடுத்த படை வடக்குத் தெற்காகவும் ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றின் நீட்சியை மற்றது பிடித்து நிறுத்துகிறது. 2005இல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கிய லிபர்ட்டி நிறுவனம் கால் அங்குலத் தடிப்பில் ஒட்டுப்பலகை வெட்டுகிறது என்றால், அந்தத் தடிப்பு பார்வைக்கு மட்டும் வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பொருத்தும் சுகமும் வேறு. அட்டைத் துண்டு அமர்ந்தால் விரலுக்குத் தெரியும். மரத் துண்டு அமர்ந்தால் காதுக்கும் தெரியும், மெல்லிய ஒரு ‘டக்’. என் துறைமுகப் படத்தில் நங்கூரம், கொக்கு, சுக்கான் என்று உருவத் துண்டுகள் இருபது வரை இருக்கின்றன. நங்கூரத்தைச் சுற்றி வரும் துண்டுகள் அதன் வளைவுக்கேற்ப வெட்டப்பட்டிருப்பதால், அட்டையில் போல வரிசை வரிசையாகக் குமிழும் குழியும் பார்த்துத் தேட முடியாது. விளிம்புத் துண்டைப் பொறுக்கி முதலில் சட்டம் கட்டும் பழக்கமும் இங்கே செல்லாது. உள்ளே கிடக்கும் துண்டுக்கும் நேர் விளிம்பு வைத்து வெட்டியிருப்பார்கள். 250 துண்டு எனக்கு மூன்று மாலைகளைக் கொடுத்தது. அதே எண்ணிக்கையில் அட்டைப் படம் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு துண்டு தொலைந்தால் என்ன செய்வது? இந்த ஆர்வமுள்ள எல்லாருக்கும் இருக்கும் பயம் இது. எங்கள் பெட்டிகள் பஸ்ஸில் ஊர் சுற்றுபவை. களுவாஞ்சிக்குடியில் ஒரு டீச்சர், கல்முனையில் ஒரு டீச்சர், அக்கரைப்பற்றில் ஒரு குடும்பம் என்று கைமாறும். இரண்டு வருடத்துக்கு முன் துறைமுகப் படம் ஒரு துண்டு குறைவாகத் திரும்பி வந்தது. வானத்துத் துண்டு. அட்டையில் இப்படி நேர்ந்தபோது நான் பிஸ்கற் பெட்டி அட்டையை மூன்று படையாக ஒட்டி வெட்டிப் பார்த்திருக்கிறேன். தடிப்பு சரிவராது, ஓரம் நைந்துவிடும், எத்தனை வர்ணம் பூசினாலும் அது ஒட்டுப் போட்ட துணிதான். மரத்தில் அந்த வெற்றிடத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவத்தை எடுத்துக்கொண்டு ஓடாவியிடம் போனேன். அவர் துண்டு ஒட்டுப்பலகை ஒன்றைத் தேடி எடுத்து, வளைவு வெட்டும் மெல்லிய வாளால் அறுக்கத் தொடங்கினார். வாளை அசைத்தது குறைவு. பலகையைத்தான் திருப்பித் திருப்பிக் கொடுத்தார். “மயிரிழை குறைத்தே வெட்டுகிறேன் டீச்சர், மாரிக்கு அது தானாக நிரம்பும்” என்றார். நீல வர்ணத்தை நானே பூசினேன். இன்று அந்தத் துண்டை எனக்கு மட்டும்தான் அடையாளம் தெரியும்.

அன்று அவருடைய பட்டறையில் நின்றபோதுதான் இன்னொரு யோசனை வந்தது. நான் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவள். ஜிக்சோவின் தொடக்கமே என் பாடத்தில்தான் இருக்கிறது. 1760களில் லண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், வரைபடத்தை மகோகனிப் பலகையில் ஒட்டி நாடுகளின் எல்லையோடு அறுத்து, பிள்ளைகள் நாடுகளை அறியட்டும் என்று விற்றார். குமிழும் குழியும் அதில் இல்லை. அதே வழியில் மட்டக்களப்பு மாவட்டத்தின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளையும் எல்லையோடு வெட்டித் தரும்படி ஓடாவியிடம் கேட்டேன். ஏறாவூர்ப்பற்று உள்ளங்கை அகலம். காத்தான்குடியும் ஏறாவூர் நகரும் நகத்தளவு. கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரித்துக்கொண்டு கிடக்கும் வாவியைப் பிள்ளைகள் விரலால் தடவிக்கொண்டே பொருத்துகிறார்கள். இரண்டு வருடமாக வகுப்பில் முப்பது பிள்ளைகளின் கைபட்டும் அந்தப் பலகை நிற்கிறது. இதை அட்டையில் செய்திருந்தால் ஒரு தவணைகூடத் தாங்கியிருக்காது.

ஆனால் ‘மரம்’ என்று எழுதியிருப்பதெல்லாம் மரம் ஆகிவிடாது. இதில் நான் காசு கொடுத்துப் பாடம் படித்தேன். என் இரண்டாவது பெட்டி மலிவாகக் கிடைத்தது. மூடியில் மரம் என்றுதான் இருந்தது. உள்ளே இருந்தது மர நாரைப் பசையோடு அழுத்திய எம்.டி.எஃப். பலகை. கோடையில் அருமையாகப் பொருந்தியது. மாரியில் கூரை ஓடு விலகி ஒரு கை நீர் பெட்டிக்குள் ஒழுகியபோது நனைந்த துண்டுகள் ஓரத்தில் பிட்டு போலப் பொங்கின; காய்ந்த பிறகும் அமரவில்லை. நனையாத துண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் எம்.டி.எஃப்.ஐ ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஒரு பெட்டியின் அனுபவத்தை வைத்து அதற்கு மேல் பேசுவது நியாயமும் இல்லை. வாங்கும்போது ஒரு துண்டை எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். வெளிறிய வரியும் கடும் வரியும் மாறிமாறித் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒரே பழுப்பாக, வரியில்லாமல் இருந்தால் அழுத்திய நார்ப்பலகை.

அட்டையை வீட்டைவிட்டே விரட்டிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். 1930களின் பொருளாதார மந்தத்தில் அச்சில் வெட்டிய மலிவு அட்டைப் படங்கள் வந்ததால்தான் ஜிக்சோ சாதாரண வீடுகளின் மேசைக்கு வந்தது. எனக்கும் அட்டைதான் முதலில் கைகொடுத்தது. சின்னப் பிள்ளைகளுக்கு, ஒருமுறை பொருத்திவிட்டு யாருக்காவது கொடுத்துவிடும் படங்களுக்கு, பெரிய 1000 துண்டு வேண்டுமென்ற ஆசைக்கு இன்றும் அட்டையே வழி. அதை வாங்கினால் தை பிறந்த பிறகு வாங்குங்கள், புரட்டாசிக்குள் பொருத்தி முடியுங்கள். மழைக்கு முன் நல்ல வெயில் நாளில் துண்டுகளை நிழலில் பரப்பி உலர்த்தி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். பொட்டலம் இல்லையென்றால் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போடலாம். ஆனால் மாதம் ஒருமுறை மாற்றாவிட்டால் அதுவே பூச்சியைக் கூப்பிடும். இவ்வளவு பார்த்தும் என்னுடைய அட்டைப் பெட்டிகளில் மூன்று மாரிக்கு மேல் கட்டுக்குலையாமல் நிற்பவை நான்குதான்.

மச்சாள் கொண்டுவந்த மூன்றாவது பெட்டி 500 துண்டு. பக்கவாட்டில் வரி தெரிகிறது, ஒட்டுப்பலகைதான். ஆவணியில் பதினோரு மாலை எடுத்துப் பொருத்தினேன். முதல் கட்டத்தில் ‘ஒரு துண்டும் ஏமாற்றவில்லை, தூள் இல்லை, மூலையைப் பிடித்துத் தூக்கினால் பிரியும்’ என்று எழுதியிருக்கிறேன். மரத்தில் அந்தத் தூக்கும் சோதனை செல்லாது. பல துண்டுகள் கொக்கி போடாமல் பக்கம் பக்கமாகத்தான் கிடக்கின்றன. பழைய 250 துண்டைவிட இதன் வெட்டு நெருக்கமானது, துண்டுகளும் சிறியவை. மார்கழியில் இறுகினால் எவ்வளவு இறுகும் என்பது பார்க்க வேண்டியதாகத்தான் இருக்கிறது. நேற்று வாவிப் பக்கம் முதல் இடி கேட்டது. பெட்டியை வழக்கமான அலுமாரியில், எந்தப் பொட்டலமும் போடாமல் வைத்திருக்கிறேன். இரண்டாவது கட்டம் தை வரைக்கும் வெறுமையாக இருக்கும்.